பன்னிரண்டு புள்ளி ஆறு

பலாச்சுளை தீர்ந்து மூன்று நாளாகிறது. வாசனை மட்டும் என் அறையை விட்டுப் போவதாக இல்லை. தலையணை, துண்டு, நேற்றுத் துவைத்த சுடிதார் என்று எல்லாவற்றிலும் உங்கள் மலை ஏறி உட்கார்ந்திருக்கிறது. கீழ் வீட்டு அம்மா படியில் நிறுத்தி, "இன்னாம்மா, வாசன மட்டும் தான் எங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நீ இருந்தால் அவர் கேட்கும்படி விட்டிருக்க மாட்டாய். பழத்தை அறுத்த கையோடு அந்த வீட்டுக்குப் பங்கு போயிருக்கும். எனக்கு அது பழம் தீர்ந்த பிறகுதான் உறைத்தது. உன்னோடு மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள் கற்றுக்கொண்ட லட்சணம் இவ்வளவுதான்.

பழத்தை உன் அம்மா வெள்ளிமலை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். பையின் அடியில், சாமை அரிசிக்கும் கீழே, பாலித்தீன் கவரில் சுற்றி உன் ரத்ததான அட்டை இருந்தது. தவறி வந்துவிட்டதோ என்று நினைத்து உடனே போன் செய்தேன்.

"தெரிஞ்சி தான்மா வெச்சேன். பாப்பா எடுத்து எடுத்துப் பாக்குது, ஓரமெல்லாம் பிஞ்சிக்கினு வருது. கண்ணாடி மாதிரி ஒட்டித் தருவாங்களே, அதப் போட்டு அனுப்பு" என்றார்.

லேமினேஷன். நான் இப்போது நூலகத்தில் வேலை பார்க்கிற கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு முறை கடைவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். முன்பக்கம் உன் பெயர், ரத்த வகை. பின்பக்கம் எடை, ரத்த அழுத்தம், அதற்குக் கீழே ரத்தத்தின் அளவு, அதாவது ஹீமோகுளோபின்: பன்னிரண்டு புள்ளி ஆறு. நீல மையில், என் கையெழுத்தில்.

அந்த எண்ணைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது. இப்போது சொல்லி உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நாம் ஹாஸ்டலில் சேர்ந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நைனார்பாளையத்திலிருந்து நான் ஒரு பெட்டி, இரண்டு பை, முறுக்கு டப்பா, அந்த டப்பாவுக்குத் தனியாக ஒரு பூட்டு என்று வந்து இறங்கினேன். நீ ஒரு சாக்குப்பையோடு வந்தாய். வந்ததும் வராததுமாகத் தரையில் செய்தித்தாளை விரித்து, சாக்கிலிருந்த கொய்யாவையும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கையும் சின்னச் சின்னக் கூறுகளாக வைக்க ஆரம்பித்தாய். நம் மாடியில் பதினான்கு பேர். ஊரிலிருந்து இன்னும் வந்து சேராத இரண்டு பேருக்கும் கூறு வைத்தாய்.

"வராதவங்களுக்கு எதுக்குடி?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல ஆடு அடிச்சாலும் பலா அறுத்தாலும் வூட்டுக்கு ஒரு கூறு. ஊர்ல இல்லாதவங்களுக்கும் உண்டு. வயித்துல புள்ள இருந்தா அதுக்கும் தனியா ஒண்ணு."

"பொறக்காததுக்குமா?"

"அதுவும் எங்க ஊரு தானே" என்றாய், இதென்ன கேள்வி என்பதுபோல.

உன் கூறு எங்கே என்று எண்ணிப் பார்த்தேன். இல்லை. "எனக்கு இன்னாத்துக்கு? நான் வூட்லயே துன்னுட்டு தான் வந்தேன்" என்றாய். அன்று நீ இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்ததை நான் பார்த்தேன். என் முறுக்கு டப்பாவின் பூட்டை மறுநாளே கழற்றி ஜன்னல் வழியாக எறிந்தேன். அந்த வயதில் எனக்கு வந்த ஒரே நல்ல புத்தி அது.

கல்லூரி சேவை அணியில் நாம் சேர்ந்ததும் உன் வேலைதான். ரத்ததான முகாம் என்றால் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசுவாய். உன் பேச்சைக் கேட்டு, ஊசியைக் கண்டாலே ஓடுகிறவர்கள்கூடப் பெயர் கொடுத்தார்கள். ஆனால் நீ போய் நின்றபோது திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டரைக்குக் குறையாமல் இருந்தால்தான் கொடுக்கலாம், உனக்கு ஒன்பது சில்லறை. பரிசோதனை மேஜையில் இருந்தவர், "உனக்கே பத்தல, நீ யாருக்கும்மா தரப் போற?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். அடுத்த முகாமிலும் அதே கதை.

அதற்குப் பிறகான ஆறு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். நீ உன் உடம்போடு ஒப்பந்தம் போட்டவள் மாதிரி நடந்துகொண்டாய். காலையில் கேழ்வரகுக் கூழ். ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த முருங்கையில் வாரம் மூன்று நாள் கீரை. சாயங்காலம் கடலை உருண்டை. சாப்பிட்ட உடனே டீ கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டாய். தனியாகச் செய்ய உனக்குத் தெரியாது, மாடியையே இழுத்துவிட்டாய். இளைக்க வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விட்டவளும், சிப்ஸ் பாக்கெட்டிலேயே குடும்பம் நடத்திய நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கூழ் குடித்தோம். திங்கட்கிழமை மாலையில் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து கூறு வைக்கும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியது. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், ஒருத்தி வீட்டுப் பசுவின் சீம்பால். உன் பங்கை நீ சாப்பிடுகிறாயா என்று பார்ப்பது என் பொறுப்பு. பாதி நாள் நான் பார்க்கவில்லை. பார்க்காத நாளில் அது யாருக்காவது போயிருக்கும்.

"ஏறிடும்டி. ஏறாம எங்கப் போவும்" என்று கண்ணாடியில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொல்வாய். உன்னைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்லது செய்தால் நல்லது வந்தே தீரும் என்று நம்புகிற வயது அது.

மூன்றாம் முகாம். மேஜையில் விரல் குத்திப் பார்க்கிறவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, படிவத்தில் எழுதுகிற வேலை எனக்கு. நீ வந்து உட்கார்ந்தாய், விரலை நீட்டினாய். மெஷின் எண்ணைக் காட்ட ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் தண்ணீர் கேன் வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட, பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டே எழுந்து ஓடினாய். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாய். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நிற்கிறவர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

"ஒம்பது புள்ளி ஆறு" என்றார் அவர், அடுத்தவர் விரலைத் துடைத்துக்கொண்டே. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு எழுதக் கை வரவில்லை. ஆறு மாதக் கூழ். ஆறு மாதக் கீரை. மாடியில் பதினான்கு பேரும் அன்று உன் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். ஒன்பது என்று எழுதினால் நீ மறுபடியும் சிரித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுப்பாய். இவ்வளவையும் செய்து ஏறவில்லை என்றால் இனி எதையும் நம்ப மாட்டாய் என்று பயந்தேன். ஒரு முறை ரத்தம் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு புள்ளி ஆறு என்று எழுதினேன். ஆறு மட்டும்தான் உன்னுடையது.

கேனை இறக்கிவிட்டு வந்தவளிடம் படிவத்தைக் கொடுத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாய். "சொன்னேன் இல்ல" என்றாய். அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்து, கொடுத்துவிட்டு வந்தாய். உனக்குத் தந்த அட்டையிலும் அதே எண்ணை நான்தான் எழுதினேன். எழுந்ததும் கொஞ்சம் தள்ளாடினாய். நான் பிடித்துக்கொண்டேன், ஜூஸ் வாங்கி வந்தேன். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கை நடுக்கம். நீ அதைப் பார்த்துவிட்டு, "ரத்தம் குடுத்தது நானு, நடுங்கறது நீயா?" என்று கேலி செய்தாய்.

நாலைந்து நாள் கழித்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நீ அந்த வாரமே மிச்சமிருந்த மாத்திரைகளைக் கீழ் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாய். "எனக்குத் தான் சரியாயிடுச்சே. அந்தப் பொண்ணுக்கு எட்டு தான்டி இருக்குது" என்றாய். கூழில் உன் பங்கும் அவளுக்குப் போனது. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். சொல்வதைத் தள்ளிப் போட்டேன். பிறகு பரீட்சை வந்தது, நாம் பிரிந்தோம்.

நீ மலைக்குப் போனாய், கல்யாணம் ஆனது. உங்கள் ஊரிலேயே மாப்பிள்ளை, அம்மா வீட்டிலேயே குடித்தனம். ஆறாம் மாதத்தில் போன் செய்தாய். பின்னால் கோழி கத்திக்கொண்டிருந்தது.

"நர்ஸம்மா வந்து பாத்துட்டு எட்டரைன்றாங்கடி. திட்டிக்கினே இருக்காங்க. எனக்கு சிரிப்பு தான் வருது. பன்னெண்டு புள்ளி ஆறு இருந்தவளுக்கு எப்படி எட்டரை ஆவும்? அந்த மெஷின் தப்பாக் காட்டுதுன்னு நெனைக்கறேன்."

இங்கேதான். இந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். மெஷின் சரி, தப்பு நான் என்று ஒரே ஒரு வாக்கியம். "எதுக்கும் மாத்திரையைப் போடுடி" என்று மட்டும் சொன்னேன்.

"குடுத்துக்கினு தான் இருக்காங்க. எதுத்த வூட்ல ஒரு பொண்ணு முழுகாம இருக்குது, பாக்கவே பாவமா வெளுத்துப் போயிருக்குது. அதுக்குக் குடுத்துட்டேன்" என்றாய்.

"நீ போடு" என்றேன் மறுபடியும், கொஞ்சம் கோபமாக. நீ சிரித்தாய். சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே போனை வைத்தேன்.

அந்த மத்தியானத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். எங்கள் ரத்ததான வாட்ஸப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. பிரசவம், மலையிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது, பி பாசிட்டிவ் அவசரம். யார், எவர் என்று இல்லை. நான் அதை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஒன்பது பேர் செம்மண் காலோடு வந்து வரிசையில் நின்றார்கள். படிவத்தில் நோயாளி பெயர் எழுதுவதற்காகச் செய்தியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். உன் கொழுந்தனார் எடுத்தார். பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். எழுதினேன். அந்தப் பெயரை எத்தனை படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

பையன்கள் கொடுத்து முடித்துவிட்டார்கள். குழந்தை நன்றாக இருந்தது. உன்னை ஏற்றி வந்த வண்டி மலை இறங்கி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். "அக்கா, அவங்க எப்படி இருக்காங்க?" என்று ஒரு பையன் கையில் பஞ்சோடு வந்து கேட்டான். சேர்த்து வைத்த ரத்தம் உள்ளே இருந்தது. எல்லோரும் கொடுத்திருந்தார்கள், வாங்கிக்கொள்ள நீ இல்லை.

பிறகு ஒரு நர்ஸிடம், வேறு யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். அன்று கொடுத்த ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று. "அதெல்லாம் சில மாசத்துல ஊறிடும்மா. பிரசவத்துல ரத்தப்போக்கு யாருக்கு வேணும்னாலும் வரலாம். ஆனா ஒடம்புல ரத்தம் இருந்திருந்தா கொஞ்சம் தாங்கியிருக்கும்" என்றார். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த நாலு வருடமாக அந்தக் 'கொஞ்சம்' என்கிற சொல்லோடு இருக்கிறேன். முகாம் நடத்துகிறேன். இங்கேயும் பெண்கள் திங்கட்கிழமை கூறு வைக்கிறார்கள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்கிறேன். நீ எப்படிப் போனாய் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறேன். எண் எழுதுகிற மேஜைப் பக்கம் மட்டும் போவதில்லை.

பழம் வந்த அன்று போனில் உன் அம்மா இன்னொன்றும் சொன்னார். அதை முதலிலேயே எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

"அந்த அட்டைய ராத்திரி பகலா பாத்துக்கினு இருப்பேன்மா. உங்க கூட ஆஸ்டல்ல இருந்தப்ப பன்னெண்டு புள்ளி ஆறு. எங்கையில வந்தப்புறம் எட்டரை. இன்னா ஆக்கிப் போட்டேன் நானு? சாமையும் களியும் தானே. எம்பொண்ண நானே கொறச்சிட்டேன். பாப்பாவுக்கும் அப்படி ஆயிடக் கூடாது. திருக்கோவிலூர் பக்கம் ஒரு ஹோம்ல சேத்துக்கிறாங்களாம். ஜூன்ல விட்டுடலாம்னு இருக்கேன். கீழ இருந்தா தான் அது ஒடம்பு தேறும்."

உன் மகளுக்கு நாலு வயது. அப்பா வெளியூர் வேலைக்குப் போய்விட, உன் அம்மாவின் முந்தானையை விட்டு ஓரடி நகராத குழந்தை. நான் எழுதிய ஒரு பொய், உன் அம்மாவின் சோற்றின் மேல் பழி போட்டு, அந்தக் குழந்தையை வீட்டைவிட்டு அனுப்பப் போகிறது. உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். இதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். கோமுகி அணை தாண்டி மலை ஏறும்போது சொல்ல வேண்டியதைப் பத்து முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். உன் அம்மா களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு வந்து, "இளைச்சிட்டியேம்மா" என்றார். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார். பாப்பா தன் தட்டிலிருந்து ஒரு துண்டு காயை எடுத்து என் தட்டில் வைத்தாள். யாரும் சொல்லாமல்தான் செய்தாள். அதற்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

அங்கேயே, எச்சில் கையோடு, எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவர் என்ன எண் சொன்னார், நான் என்ன எழுதினேன், நீ மாத்திரையை ஏன் நிறுத்தினாய், போனில் நான் எதை மறைத்தேன், எல்லாம். "உங்க சோறு காரணம் இல்லம்மா. அவளுக்கு ரத்தம் ஏறவே இல்ல. நான் எழுதினது பொய். என்னால தான்மா" என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன்.

உன் அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்வேன் என்று இருந்தேன். அவர் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எம்பொண்ணு சொல்லிக்கினே இருப்பாம்மா" என்றார். "அடுத்தவங்க மனசு நோவக் கூடாதுன்னா நீ இன்னா வேணும்னாலும் சொல்லுவேன்னு. நான் போன்ல அழுதேன்னு இவ்ளோ தூரம் வந்து, உம்மேலயே பழியப் போட்டுக்கினு ஒரு பொய் சொல்றியே. வேணாம்மா. என்னைத் தேத்தறதுக்காக நீ கெட்டவளா ஆவாத."

"பொய் இல்லம்மா" என்றேன். "அந்த அட்டையில இருக்கிறது என் கையெழுத்து."

"உன்னோடது தான்னு தெரியுமே" என்றார்.

பாப்பாவின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்யப் போனேன். அவர் குழந்தையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் பொய்யை நீ நம்பினாய். நீ போய் நாலு வருடம் கழித்து நான் சொன்ன உண்மையை உன் அம்மா நம்பவில்லை. நம்பாததற்கு அவர் சொன்ன காரணமும் உன் வாயிலிருந்து வந்ததுதான். உனக்கு என்னை எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கிளம்பும்போது, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்த ஹோமில் குழந்தையைச் சேர்ப்பதற்கான விண்ணப்பம். "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. உன் எழுத்து தான் அழகா இருக்கும். நீயே எழுதிக் கொண்டாந்து குடு" என்றார்.

இப்போது அது என் எதிரில் இருக்கிறது. பாப்பாவின் பெயரை எழுதிவிட்டேன். வயது எழுதிவிட்டேன். தாய் பெயர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். அடுத்த கட்டத்தில், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதற்கான காரணம் என்று கேட்டிருக்கிறார்கள். அதில் நான் என்ன எழுதட்டும், நீயே சொல்லுடி.